7 நட்சத்திரத்தின்ர மிகை வெப்பம்: வான அட்டவணையில அறிவுள்ள உயிரைத் தேடலாமோ?

வடலி:
வேற்றுலக நாகரிகத்தின்ர தடயம் தேடி 2024இல வந்த ஹெபைஸ்ரோஸ் ஆய்வு, கையா (நட்சத்திர நிலை), டூமாஸ், வைஸ் (ரெண்டும் அகச்சிவப்பு) எண்ட மூண்டு வான அட்டவணையையும் சேர்த்து ஏறத்தாழ 50 இலட்சம் நட்சத்திரத்தைச் சலிச்சு 7 சிவப்புக் குள்ளன்களை (சின்ன, மங்கல் நட்சத்திரங்களை) மிச்சம் விட்டிருக்கு. ஏழிலயும் எதிர்பார்க்கிறதைவிட அகச்சிவப்பு வெப்பம் கூட, அதுதான் மிகை. நட்சத்திரத்தைச் சுத்திக் கட்டிச் சக்தி எடுக்கிற நாகரிகத்துக்கு மிச்ச வெப்பத்தை ஒளிக்க ஏலாது. அந்த வெப்பம் 300 கெல்வினில இருந்தால் ஒளியின்ர உச்சம் 10 மைக்ரோன் அலைநீளம் பக்கம். வைஸின்ர 12 மைக்ரோன் பட்டையில அகப்படும். அவை எங்களோட றேடியோவில கதைக்கவும் தேவையில்லை!

பண்ணைக்கடல்:
தம்பி, வைஸின்ர கூர்மையைப் பாருங்கோ. 12 மைக்ரோனில 6 விகலை (ஒரு விகலை, பாகையில 3600இல ஒரு பங்கு), 22இல 12. நட்சத்திரத்துக்கு ஒண்டா மூண்டு விகலை ஆரையில 50 இலட்சம் வட்டம் போட்டால் கிட்டத்தட்ட 11 சதுர பாகை, 50 முழுநிலா அளவு வானம். அதுக்குள்ள தூசி மூடின தூரத்துக் கலக்ஸி ஒண்டும் விழாதோ? பண்ணைப் பாலத்தில நிண்டு பார்க்க, வள்ளத்து விளக்கும் மண்டைதீவு வெளிச்சமும் ஒண்டாத் தெரியிற கதைதான். அந்த ஏழில ஏ, பி, ஜி எண்டு பேர் வைச்ச மூண்டுக்கும் பக்கத்தில றேடியோ மூலமும் பிடிபட்டிட்டுது, அது பின்னால நிக்கிற கலக்ஸியா இருக்கலாம்.

வடலி:
மற்ற நாலும் கிடக்கே. நட்சத்திரம் நகரும், கலக்ஸி நகராது. வைஸ் 2024 வரைக்கும் படம் எடுத்தது. மிகையும் சேர்ந்து நகருதோ எண்டு பார்க்கலாம்.

பண்ணைக்கடல்:
ஏலாது. வைஸைக் குளிரூட்டின ஐதரசன் பனி 2010இலயே தீர்ந்திட்டுது. பிறகு 3.4, 4.6 மைக்ரோன் மட்டும்தான். மிகை நிக்கிறது 12இலயும் 22இலயும்.

கணக்கன்:
அட்டவணைகளைப் பொருத்திற இடத்திலயே கனபேர் பிழை விடுகினம். கையா தாற நிலை 2016.0க்கு, வைஸ் 2010க்கு. வருஷத்துக்கு அரை விகலை ஓடுற நட்சத்திரம் 3 விகலை தள்ளி நிக்கும். முதல்ல நிலையை 2010க்குப் பின்னால கொண்டுபோங்கோ, பிறகு பொருத்துங்கோ. வைஸின்ர மாசுக் குறி (பக்கத்துப் பிரகாச நட்சத்திரத்தின்ர ஒளிக்கறை கலந்ததோ எண்டு பட்டைக்கு ஒண்டாப் போடுறது) நாலும் 0 ஆ இருக்கவேணும். அதோட நிக்காமல் படத்தை விரிச்சு, 3.4 மைக்ரோன் மையமும் 12 மைக்ரோன் மையமும் ஒண்டில ஒண்டு விழுகுதோ எண்டு கண்ணால பாருங்கோ. விலகினால் அது பின்னால நிக்கிற வேறொண்டு.

வடலி:
அதை ஏற்கிறன். ஆனா அட்டவணை சலிச்சுத் தராட்டி, வெப் தொலைநோக்கியை எந்த நட்சத்திரத்துக்குத் திருப்புறது? 12 மைக்ரோனில அது அரை விகலையும் பிரிக்கும். மிகைக்குக் காரணம் நட்சத்திரத்தைச் சுத்தின நுண்தூசி எண்டால் நிறமாலையில 10 மைக்ரோன் பக்கம் சிலிக்கேற்று (மணல்வகைக் கனிமம்) மேடு தெரியும்.

பண்ணைக்கடல்:
திருப்பட்டும், நான் மறிக்கேல்லை. மேடு இல்லாட்டியும் தூசி இல்லையெண்டு ஆகாது. பருத்த துணிக்கையில அந்த மேடு மங்கிப்போகும். அதுவரைக்கும் அந்த நாலையும் "நாகரிகத்தின்ர அடையாளம்" எண்டு எழுதாதேங்கோ. "விளக்கம் கிடைக்காத மிகை" எண்டு போடுங்கோ.