கொடுபடாமல் போன ஆணைகள்

நிவேதா: பெரியப்பா, நாளை வகுப்பில் ஜான் மார்ஷலைப் பற்றி நான் பேச வேண்டும். 1755இல் வர்ஜீனியாவில் பிறந்தார், பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர், சுதந்திரப் போரில் படைவீரர், 1801 முதல் 1835 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. இதை ஒப்பித்தால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

சங்கரன் பெரியப்பா: மார்பரி வழக்கில் தொடங்கு. அந்த வழக்கு வரக் காரணமே மார்ஷல்தான்.

பாஸ்கர்: அது எப்படி அப்பா?

சங்கரன் பெரியப்பா: அதிபர் ஆடம்ஸ் ஆட்சியின் கடைசி மாதத்தில் அவரே தலைமை நீதிபதி, அவரே வெளியுறவுச் செயலர். நியமன ஆணைகளுக்கு முத்திரை வைத்து உரியவர்களிடம் சேர்ப்பது அவர் அலுவலகத்தின் பொறுப்பு. முத்திரை வைத்தாயிற்று. சில ஆணைகள் போய்ச் சேரவில்லை. தம்பி ஜேம்ஸ் ஒரு கட்டு எடுத்துப் போகப் பார்த்தார். எல்லாவற்றையும் கொண்டுபோக வசதிப்படவில்லை என்று சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார்.

கோமதி அத்தை: நாலு காகிதம் அவ்வளவு பாரமா!

சங்கரன் பெரியப்பா: அதற்குள் புதிய அதிபராக ஜெஃபர்சன் வந்துவிட்டார். மிச்சம் இருந்ததைக் கொடுக்க மறுத்தார். பதவி கிடைக்காத வில்லியம் மார்பரி வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு எழுதியவர் மார்ஷல்!

பாஸ்கர்: இன்று அப்படிச் செய்தால் ஊரே சிரிக்கும்.

நிவேதா: ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் மதிக்க மாட்டார். உரிமையே இல்லை என்றால் நீதிமன்றம் பயந்துவிட்டது என்பார்கள். 1803இல் அவர் சொன்னது: மார்பரிக்கு உரிமை உண்டு; ஆனால் எங்களிடம் நேராக வந்து உத்தரவு கேட்க வழிசெய்த 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண், செல்லாது.

பாஸ்கர்: மார்பரிக்கு?

நிவேதா: வெறுங்கை, அண்ணா.

சங்கரன் பெரியப்பா: ஒரு சின்ன அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளி, சட்டத்தையே ரத்து செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். நம் அரசியலமைப்பில் 13ஆம் பிரிவாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அவர்களுடையதில் அப்படி வெளிப்படையான வாசகம் கிடையாது. ஜெஃபர்சனுக்கு உள்ளூர எரிந்திருக்கும். இருவரும் தூரத்து உறவு வேறு.

கோமதி அத்தை: சொந்தத்துக்குள்தானா சண்டை! ஆள் எப்படி, ரொம்பக் கறாரா?

நிவேதா: இல்லை அத்தை. சட்டம் படித்ததே சில வாரங்கள்தான். அந்தக் குறிப்பேட்டிலும் பாடத்துக்கு நடுவே காதலி பாலி ஆம்ப்ளரின் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார். 1783இல் அவரையே மணந்துகொண்டார்.

பாஸ்கர்: அடிமைகளை வாங்கி வைத்திருந்ததையும் சொல், நிவேதா. 1825இல் ஆன்டிலோப் கப்பல் வழக்கில், அடிமை வணிகம் இயற்கை நீதிக்கு விரோதம் என்று எழுதிவிட்டு, பன்னாட்டுச் சட்டப்படி குற்றமில்லை என்று முடித்தவர்.

சங்கரன் பெரியப்பா: கட்டாயம் சொல்ல வேண்டும். 1832இல் செரோக்கி பழங்குடி மக்களின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்றதும் அவர்தான். சில ஆண்டுகளில் அவர்களைத் துரத்தியே விட்டார்கள். தீர்ப்பு இருந்தது, நடத்திவைக்க ஆள் இல்லை.

நிவேதா: பத்து நிமிடம்தான் தருவார்கள் பெரியப்பா. மெக்கல்லக் வழக்கை விட்டுவிடட்டுமா?

சங்கரன் பெரியப்பா: மத்திய அரசு தொடங்கிய வங்கிக்கு மேரிலாண்ட் மாநிலம் வரி போட முடியாது என்ற 1819ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. முப்பது வருடம் வங்கியில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பிறந்த தேதியை வெட்டு.