அண்டார்டிகா கப்பல் பயணம்: போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அப்பா, அம்மாவை அண்டார்டிகா கூட்டிப் போகத் திட்டம். அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பல் ஏறுவோம்.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். ஜனவரியில் பென்குயின் குஞ்சுகள் இருக்கும். திமிங்கிலத்துக்கு பிப்ரவரி, மார்ச் நல்லது. அப்பா பென்குயின் கட்சி, அம்மா திமிங்கிலக் கட்சி. வீட்டில் தினமும் பஞ்சாயத்துதான்.

எவ்வளவு சொகுசாக இருந்தாலும் பெரிய கப்பல் வேண்டாம். 500 பயணிகளுக்கு மேல் இருந்தால் யாரையும் கரையில் இறக்கக் கூடாது என்பது விதி. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். அதனால் 200 பேருக்குள் போகும் கப்பலாகத் தேடுகிறேன்.

கவலையெல்லாம் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் கப்பலை ஆட்டிவைக்கும் டிரேக் நீரிணைதான். கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், திரும்பவும் அதே. அம்மாவுக்கு ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளிலேயே குமட்டும். இதைத் தவிர்க்க, சிலியின் புன்டா அரீனாசிலிருந்து அண்டார்டிகா பக்கமுள்ள கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய்க் கப்பல் ஏறலாம்தான். ஆனால் வானிலை மோசமானால் விமானம் தள்ளிப்போகும், செலவும் கூடுதல். எது தேவலை?

அப்புறம், கப்பலிலிருந்து கரைக்குப் போகும் ரப்பர் படகில் ஏறி இறங்க வயதானவர்களின் முழங்கால் தாங்குமா? அவசரத்தில் நோயாளியை விமானத்தில் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு 70 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடைத்ததா? சைவச் சாப்பாடு எப்படி? விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.