புலனாய்வுச் செய்தி என்றால் நம் நிருபர்கள் என்ன நினைக்கிறார்கள்? பழகியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல் வாசகி

ஊடகங்கள் தங்களைத் தாங்களே நெறிப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் மலேசிய ஊடக மன்றச் சட்டம் 2025 ஜூனில் நடப்புக்கு வந்தது. 1973இல், துன் ரசாக் பிரதமராக இருந்தபோதே எழுந்த யோசனை அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகாவது வந்ததே, சரி. ஆனால் ஒரு விஷயத்தைத் தோண்டலாமா, விட்டுவிடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு நிருபரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அவர்களோடு பழகியவர்கள், தகவல் கொடுத்தவர்கள், அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம்.

முதலில் நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, மின்தூக்கி மட்டும் ஓடவில்லை. ஒரு தமிழ் நாளிதழ் நிருபரை அழைத்துப் பேசினோம். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, இது புகார். எனக்குத் தாள் வேணும்" என்றார். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கணக்கு தணிக்கை செய்யப்பட வேண்டும், வீட்டு உரிமையாளர் அதைக் கேட்டு வாங்கலாம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நிறுவனப் பதிவு ஆணையத்தின் இணையப் பக்கத்தில் சில வெள்ளி கட்டினால் எந்த நிறுவனத்துக்கு யார் இயக்குநர், என்ன முகவரி என்று எடுத்துவிடலாம் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எடுத்துப் பார்த்தோம். துப்புரவுக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் இயக்குநர் ஒருவருடைய முகவரியும் எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவருடைய முகவரியும் ஒன்றாக இருந்தன.

நிருபர் இரண்டு தரப்புக்கும் கேள்வி அனுப்பி, பதில் சொல்ல அவகாசமும் கொடுத்தார். செய்தி வந்தபோது நிறுவனத்தின் பெயர் இல்லை, 'ஒரு நிறுவனம்' என்று மட்டும் இருந்தது. அதை முதல் நாள் இரவே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆசிரியர் எடுத்துட்டார் அக்கா. தாள் சரியாத்தான் இருக்கு. வழக்கு வந்தா தாங்க முடியாதுங்கிறார்." அந்தத் தம்பி மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பழைய மேசை

நானும் தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் செய்தியில் பெயரை எடுத்த அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை. தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் மூன்றின் உரிமமும் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். அந்தப் பத்திரிகைகள் திரும்பக் கடைக்கு வர 1988 மார்ச் ஆகிவிட்டது. தி ஸ்டார் அளவுக்குப் பெரிய பத்திரிகைக்கே அந்தக் கதி என்றால், தீபாவளி வாழ்த்து விளம்பரத்தை நம்பிச் சம்பளம் போடும் ஒரு தமிழ்ப் பத்திரிகை என்ன ஆகும்? 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அப்போது உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்டுக் கடைசி வந்தால் அலுவலகத்தில் குரலே தணிந்துவிடும். யாரும் 'இதை எழுதாதே' என்று சொல்ல மாட்டார்கள். 'உரிமம் வந்துடட்டும், அப்புறம் பாப்போம்' என்பார்கள். அந்த அப்புறம் வராது.

அதற்கு மேல் அவதூறு வழக்கு. எம்.ஜி.ஜி. பிள்ளையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெரிய தொழிலதிபர் தொடுத்த வழக்கில், 1994இல் அவர் மீதும் மற்றவர்கள் மீதும் விதிக்கப்பட்ட நஷ்டஈடு மொத்தம் 10 மில்லியன் வெள்ளி. பிள்ளையின் பங்கு மட்டும் 2 மில்லியன். சொந்தமாக எழுதிப் பிழைத்த ஒரு பத்திரிகையாளருக்கு! 2000இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எங்கள் மேசையில் அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நிறுவனத்தின் பெயர் செய்தியில் வந்தாலே பேனா தானாக நின்றது.

இதைக் கோழைத்தனம் என்று இளையவர்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கும். புலனாய்வு வேண்டாம் என்று நினைத்த நிருபர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தோண்டும் ஆசை எல்லாருக்கும் இருந்தது. அதற்குப் பின்னால் யார் நிற்பது என்பதுதான் கேள்வி.

பங்சார் நிருபர்

ஐயா சொன்னதைக் கேட்டு மனம் கனத்தது. நான் இணையச் செய்தித் தளத்தில் வேலை செய்கிறேன், தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவள். என் தலைமுறைக்கு 1987 வரலாற்றுப் பாடம். எங்களை இந்தத் தொழிலுக்கு இழுத்தது 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல். சரவாக் ரிப்போர்ட், தி எட்ஜ், வால் ஸ்திரீட் ஜர்னல் எழுதியதையெல்லாம் கல்லூரியில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படித்தோம். 2015 ஜூலையில் எட்ஜின் இரண்டு பத்திரிகைகளை மூன்று மாதம் நிறுத்தினார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஐயா காலத்தில் அமைச்சர் முடிவே இறுதி, நீதிமன்றத்தில் கேட்கக்கூட முடியாது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதியையும் எடுத்து, நீதிமன்றத்துக்கு வழி விட்டதால்தான் எட்ஜ் போராட முடிந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது பலர் ஒப்புக்கு என்றார்கள். மூன்றே ஆண்டில் அது ஒரு பத்திரிகையைக் காப்பாற்றியது. ஆனால் மலேசியன் இன்சைடர் என்ற இணையச் செய்தித் தளத்தை முடக்கிய பிறகு 2016 மார்ச்சில் அது மூடப்பட்டதையும் பார்த்தோம். அங்கிருந்தவர்கள் வேலை தேடி அலைந்ததும் எங்கள் கண் முன்னால்தான்.

ஐயாவிடம் ஒரு விஷயத்தில் மட்டும் வேறுபடுகிறேன். உரிமம் உள்ள பத்திரிகையால் தோண்ட முடியாது என்பதில்லை. தாய்லாந்து எல்லையில் உள்ள வாங் கெலியானில், ஆள்கடத்தல் கும்பல்களின் முகாம்களுக்கு அருகே 2015 மே மாதம் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்குப் பல மாதம் முன்பே அந்த முகாம்கள் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தன என்று 2017 டிசம்பரில் எழுதியது நியூ ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ். ஆளும் தரப்புக்கு நெருக்கமானது என்று எல்லாரும் சொன்ன பத்திரிகை. 2019இல் அரச விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. அங்கே ஒரு ஆசிரியர் பின்னால் நின்றிருக்கிறார்.

எங்கள் செய்தி அறையில் அதிகம் சண்டை வருவது 'செய்யலாமா' என்பதில் அல்ல, 'எப்படிச் செய்வது' என்பதில். தி ஸ்டாரின் ஆர்.ஏஜ் குழு 2016இல் செய்த விசாரணை நினைவிருக்கும். நிருபர்கள் பதின்ம வயதுப் பெண்ணாக நடித்து, கைப்பேசியில் சிறுமிகளை வளைக்கும் ஆண்களைச் சந்தித்து, மறைகாணியில் பதிவு செய்தார்கள். 2017இல் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதை வைத்து எங்கள் அறையில் நடந்த விவாதம் நள்ளிரவு மாமாக் கடை வரை போனது. மூத்த நிருபர் ஒருவர், "பொய் சொல்லி வாங்கினது உண்மையா இருந்தாலும், அடுத்த தடவை நீ உண்மை சொல்லும்போது எவன் நம்புவான்?" என்று கேட்டார். படக்கருவி தூக்கும் அண்ணன், "வேற எந்த வழியிலண்ணே அவனுங்களப் பிடிப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்குச் சரியென்று படுவது இது: வேறு வழியே இல்லை, பாதிக்கப்படுகிறவர் குழந்தை, ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும், செய்தியிலும் 'இப்படித்தான் எடுத்தோம்' என்று எழுதுகிறோம் என்றால் செய்யலாம். செந்தூல் அக்கா சொன்ன கதையில் நிறுவனப் பதிவே போதும். அங்கே வேடம் போட்டால் அது சோம்பல்.

ஈப்போ சாலை

எல்லாரும் நிருபர்களைப் புகழ்கிறீர்கள். நான் பட்டதையும் சொல்லட்டும். ஆலய நிர்வாகத்தில் இருந்தபோது எங்கள் கணக்கைப் பற்றி ஒரு செய்தி வந்தது. எங்களில் யாரையும் கேட்கவில்லை. தேர்தலில் தோற்ற அணி கொடுத்த தாளை அப்படியே போட்டு, மேலே 'புலனாய்வு' என்று முத்திரை குத்திவிட்டார்கள். தணிக்கை அறிக்கை எங்கள் அறிவிப்புப் பலகையிலேயே தொங்கியது. எட்டிப் பார்த்திருந்தால் போதும். என் மனைவி அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மன்னிப்புச் செய்தி ஏழாம் பக்கத்து மூலையில் வந்தது.

பழைய மேசை

நியாயம். நீங்கள் சொன்னதற்குப் பெயர் புலனாய்வு அல்ல, யாரோ ஒருவரின் சண்டைக்கு ஆளாவது. தாள் கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்று கேட்பது நிருபரின் முதல் வேலை. உங்கள் வீட்டம்மாவுக்கு நேர்ந்ததுக்காக உண்மையாகவே வருந்துகிறேன்.

பட்டர்வொர்த் குமாஸ்தா

நான் பினாங்கில், சுங்கப் பத்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மாட்டேன் என்று கதவை அடைத்தது. அத்தனையும் நம் பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோம், சுங்கை பட்டாணி என்று பல ஊர்களில் சட்டவிரோதத் தொழிற்சாலைகள். இரவில் எரிக்கும் நாற்றம் வீட்டுக்குள் வரும். கொள்கலன்கள் வந்து இறங்கியது எங்கள் துறைமுகத்திலும்தான்.

சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிளாஸ்டிக் கழிவுக்கு 3915. அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும். 3920 என்றால் பிளாஸ்டிக் தகடு, தாள் மாதிரி. அதற்கு அந்த அனுமதி வேண்டாம். கழிவைக் கொண்டுவந்து கே1 என்ற சுங்க இறக்குமதிப் பாரத்தில் 3920 என்று எழுதினால் வேலை முடிந்தது. நான் தட்டச்சு செய்கிற ஆள், கண்ணுக்குத் தெரியும். தூக்கம் வராமல், தெரிந்தவர் வழியாக ஒரு பெண் நிருபரைச் சந்தித்தேன்.

கையில் பாரத்தின் நகலோடு போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "அண்ணே, முதல்ல பையில வைங்க" என்றார். அப்புறம் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னைப் பற்றி: இந்தத் தாளை அலுவலகத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், நகல் இயந்திரத்தில் உங்கள் எண் பதிவாகுமா, வேலை போனால் வீட்டுக்கு என்ன வழி. 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அவர்தான் விளக்கினார். அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் அந்தச் சட்டம் காக்கும், பத்திரிகையிடம் சொன்னால் காக்காது. "நான் உங்க தாளைப் போட்டா எனக்குப் பேர், உங்களுக்கு வேலை போகும். எண் எப்படி மாறுதுன்னு மட்டும் சொல்லிக்கொடுங்க, மிச்சத்த நானே வேற பக்கத்துல இருந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

அப்படியேதான் செய்தார். தொழிற்சாலை வாசலில் நின்றார், லோரி ஓட்டுநர்களிடம் பேசினார், குடியிருப்பாளர்கள் எடுத்த படங்களைத் தேதியோடு ஒப்பிட்டார். செய்தி வந்தபோது அதில் என்னைக் காட்டும் ஒரு வரிகூட இல்லை. 2020 ஜனவரியில் 150 கொள்கலன்கள், மொத்தம் 3,737 டன் கழிவு, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அமைச்சர் அறிவித்தார். அது பல பேர் உழைப்பு. ஜெஞ்சாரோம் மக்கள் பட்ட பாடு பெரிது. ஆனால் அன்றைக்கு நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

லிட்டில் இந்தியா கடைக்காரர்

சின்ன விஷயம். எங்கள் வணிகர் சங்க விருந்தில் செய்தியாளர்களுக்கு உறை கொடுப்பது வழக்கம். ஒரு பையன் மட்டும் வாங்கவில்லை. 'பெட்ரோல் காசுதான் தம்பி' என்று வற்புறுத்தினோம். "நாளைக்கு உங்க கடைய பத்தி ஒரு புகார் வந்தா நான் எப்படிண்ணே எழுதுவேன்?" என்றான். சிலர் முகம் சுளித்தார்கள். அவன் சம்பளம் எங்கள் கடைப் பையன் சம்பளத்தைவிடக் குறைவு என்பது எனக்குத் தெரியும். பத்திரிகை முதலாளிகள் இதையும் யோசிக்க வேண்டும்.

செந்தூல் வாசகி

எல்லாருக்கும் நன்றி. பின்னால் யார் நிற்பது என்று ஐயா கேட்டார். 2021 பிப்ரவரியில், வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினி இணையச் செய்தித் தளத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அன்றைக்கே, சில மணி நேரத்தில் பொதுமக்கள் அந்தத் தொகைக்கு மேல் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நாம் போடுவோமா? 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் கடைசி ஆண்டில் அதைக் காசு கொடுத்து வாங்கினோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பினாங்கு, சிலாங்கூர் இரண்டிலும் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அதில் விண்ணப்பித்து ஆவணம் வாங்கியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் அண்ணே, உங்களிடம் ஒன்று. மறுபடியும் அப்படி ஒரு பாரம் உங்கள் கண்ணில் பட்டால் நிருபரிடம் போவீர்களா?

பட்டர்வொர்த் குமாஸ்தா

அந்தத் தங்கச்சியிடம் என்றால் அன்று மாலையே போவேன். வேறு நிருபர் என்றால், தாளைக் கையில் எடுக்காமல் போய், முதலில் அவர் என்ன கேட்கிறார் என்று பார்ப்பேன். செய்தியைப் பற்றி மட்டும் கேட்டால் தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.