டஃப்புக்ல ஓபன்சிபிஎன் போட்ட அனுபவம்: கடலுக்கு எடுத்துட்டுப் போனவங்க எல்லாரும் சொல்லுங்க

சிங்காரத்தோப்பு பையன்:

மீன்பிடி தடைக்காலம் முடியப்போற நேரம், நிறைய பேர் கேக்கறீங்க, பழைய டஃப்புக் (அடி தண்ணி தாங்கற பானாசோனிக் லேப்டாப்) வாங்கி ஓபன்சிபிஎன் (கடல் சார்ட்ல படகு எங்க நிக்குதுன்னு காட்டற சாஃப்ட்வேர்) போட்டு லாஞ்சுல (விசைப்படகுல) வெச்சா ஒழுங்கா ஓடுமான்னு. எங்க சித்தப்பா லாஞ்சுல நான்தான் போட்டுக் குடுத்தேன், கடலூர் துறைமுகத்துலேர்ந்து தங்கல் (சில நாள் கடல்லயே தங்கி மீன்புடிக்க) போயிட்டு வருது, மழை சீசனையும் தாண்டி இன்னும் நல்லா ஓடுது. என் அனுபவத்த எழுதறேன், உங்களோடதையும் கீழ போடுங்க, எல்லாம் ஒரே எடத்துல இருந்தா அடுத்து பண்றவனுக்கு உதவும்.

மொதல்ல ஏன் பண்ணோம்னு சொல்லிடறேன், காசு மிச்சம்னு இல்ல. சித்தப்பா வெச்சிருந்த பழைய பிளாட்டர் (ஜிபிஎஸ் சார்ட் காட்டற மெஷின்) ஒரு நாள் ஆன் ஆகல, ரிப்பேர் பாக்கறவர் போர்டு போச்சு புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாரு. புதுசு வாங்கலாம், ஆனா உள்ள இருந்த பாயின்ட்டுங்க? எந்த பார்ல (கடலடிப் பாறையில) எந்த மாசம் மீன் நிக்கும், எந்த எடத்துல வலைய விட்டா மாட்டும், எல்லாம் அவரு வலை கிழிஞ்சு கிழிஞ்சு கத்துக்கிட்டது, அது அத்தனையும் அந்த டப்பாக்குள்ளயே போயிடுச்சு. பாதிய நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு, அதுதான் மிச்சம். அப்ப முடிவு பண்ணதுதான், இனிமே பாயின்ட்டெல்லாம் ஜிபிஎக்ஸ் ஃபைலா நம்ம கையில இருக்கணும், எந்த மெஷின் செத்தாலும் வேற மெஷின்ல தொறக்கணும். ஓபன் சோர்ஸ் மேல எனக்கு இருக்கிற பிரியம் எல்லாம் இதுக்காகத்தான். ஓபன்சிபிஎன் இலவசம்ங்கறது ரெண்டாவது விஷயம்.

வாங்கினது செகண்ட் ஹேண்ட் சிஎஃப் 19. 10.4 இன்ச் ஸ்கிரீன், மெக்னீசியம் பாடி, பின்னாடி உண்மையான ஒன்பது பின் சீரியல் போர்ட். டச் அழுத்துனா வேலை செய்யற வகை, அதனால ஈரக்கையோட தொட்டாலும் கேக்குது, கடல்ல இது பெரிய விஷயம். ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டேன், கீழ டீசல் இன்ஜின் நாள் முழுக்க அதிரும்ல. டெபியன் லினக்ஸ் எக்ஸ்எஃப்சிஇ போட்டேன், ஓபன்சிபிஎன் அதோட சாஃப்ட்வேர் ரெப்போலயே இருக்கு. ஜிபிஎஸ்சுக்கு யுஎஸ்பி பக் (சின்ன ஜிபிஎஸ் ரிசீவர்) ஒண்ணு வாங்கி வீல்ஹவுஸ் மேல ஒட்டியாச்சு. ஒண்ணு கவனிங்க, தண்ணி தூசி தாங்கும்னு கம்பெனி சொல்றதெல்லாம் போர்ட் மூடி எல்லாம் இறுக்கமா மூடியிருந்தாத்தான், பக் வயர் சொருகினா ஒரு மூடி தொறந்தே கெடக்கும், அந்தப் பக்கத்த சாரல் வராத பக்கமா திருப்பி வைங்க, வயர கீழ தொங்க விட்டு அப்புறம் மேல ஏத்துங்க, தண்ணி வயர் வழியா வந்து கீழயே சொட்டிடும்.

கரண்ட்டு பத்தி. டஃப்புக்குக்கு 15.6 வோல்ட் வேணும், லாஞ்சு பேட்டரி 12 இல்லன்னா 24. நேரா குடுக்க முடியாது, அந்த மாடலுக்குன்னு வர்ற டிசி கார் அடாப்டர் வாங்குங்க, 24 வோல்ட் லாஞ்சுன்னா அடாப்டர் 24 தாங்குமான்னு மேல எழுதியிருக்கிறத பாத்து வாங்குங்க. இன்வர்ட்டர் போட்டும் ஓட்டலாம், சும்மா பேட்டரி தின்னும்.

இப்ப முக்கியமான விஷயம், நம்பர் எழுதற முறை. நம்ம ஆளுங்க நோட்டுல 11 43 52ன்னு எழுதியிருப்பாங்க. அது 11 டிகிரி 43.52 நிமிஷம், ஏன்னா பழைய ஜிபிஎஸ் எல்லாம் அப்படித்தான் காட்டும். அத 43 நிமிஷம் 52 செகண்டுன்னு அடிச்சா கிட்டத்தட்ட 640 மீட்டர் தள்ளிப் போயிடும், பார விட்டுட்டு சேத்துல வலை போட வேண்டியதுதான். அதையே 11.4352 டிகிரின்னு அடிச்சா 17 நாட்டிக்கல் மைல் தெக்க போயிடும். இதுல இன்னொரு குழப்பம், ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துலேர்ந்து வர்ற மீன்வள அறிவிப்புல டிகிரி நிமிஷம் செகண்டுலதான் போட்டிருப்பாங்க. ஆக ரெண்டும் ரெண்டு முறை. ஓபன்சிபிஎன் ஆப்ஷன்ஸ்ல யூனிட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல டிகிரியும் தசம நிமிஷமும்னு வெச்சிடுங்க, டிரைவருக்கு கண்ணு பழகின மாதிரியே தெரியும். இன்காய்ஸ் நம்பர்ல செகண்ட 60ஆல வகுத்து நிமிஷத்தோட சேத்துக்கோங்க, 36 செகண்டுன்னா 0.6 நிமிஷம். நோட்டுலேர்ந்து ஏத்தறப்ப நான் அடிச்சேன், சித்தப்பா பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கரையிலேர்ந்து எவ்ளோ தூரம், எத்தன பாகம் (கடல் ஆழ அளவு) ஆழம்னு வாயால சொல்லி சரிபாத்தாரு. அப்படித்தான் பண்ணணும், ஓட்டறவர் இல்லாம ஏத்தாதீங்க.

சார்ட் பத்தி நிறைய கேள்வி வரும். அமெரிக்காவுல நோவாங்கற அரசு நிறுவனம் தன் கடல் சார்ட்ட இலவசமா குடுக்குது, நம்ம ஊருக்கு டேராடூன்ல இருக்கிற நீரியல் அலுவலகம் போடற சார்ட்டு, அது காசு குடுத்து வாங்கறது. யாரோ பென்டிரைவ்ல தர்ற திருட்டு சார்ட்ட நம்பி உயிர வைக்காதீங்க, எந்த வருஷத்துதுன்னே தெரியாது. முகத்துவாரத்துக்கு சாட்டிலைட் படத்த எம்பிடைல்ஸ் ஃபைலா போட்டு அடியில வெச்சிக்கலாம், ஆனா கெடிலமும் பரவனாறும் வந்து சேர்ற எடம் அது, மழைக்கு முன்ன இருந்த மணல் மழைக்கு அப்புறம் அங்க இருக்காது, படம் எப்ப எடுத்ததோ. எங்களுக்கு ரொம்ப உதவறது எங்க சொந்த டிராக்தான். போன தடவ தட்டாம வெளிய போன கோடு ஸ்கிரீன்ல அப்படியே தெரியுது, திரும்பி ராத்திரி உள்ள வர்றப்ப அது மேலயே வர்றாரு. எக்கோவையும் (ஆழம் காட்டற மெஷின்) பாத்துக்கிட்டேதான்.

லினக்ஸ் தம்பி, புதுச்சேரி:

ப்ரோ நல்லா எழுதியிருக்கீங்க. நான் கடலுக்குப் போறவன் இல்ல, தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மூணு நாலு லாஞ்சுக்கு போட்டுக் குடுத்திருக்கேன், எல்லாத்துலயும் ஒரே எடத்துலதான் நிக்கும், பக் சொருகியிருக்கும் ஆனா கப்பல் படம் நகராது. மொதல்ல யூசர டயல்அவுட் குரூப்ல சேத்தீங்களான்னு பாருங்க, சேத்துட்டு லாகவுட் பண்ணி உள்ள வரணும், இல்லன்னா போர்ட்ட தொறக்க பர்மிஷன் இருக்காது. ரெண்டாவது, மோடம்மேனேஜர்னு ஒண்ணு ஓடிட்டிருக்கும், அது ஜிபிஎஸ் பக்கை நெட் டாங்கிள்னு நெனச்சு நோண்டிப் பாக்கும், கடல்ல டாங்கிள் யூஸ் பண்ணப் போறதில்லன்னா அத தூக்கிடுங்க. உபுண்டு 22.04 போட்டவங்களுக்கு இன்னொண்ணு, பிஆர்எல்டிடிஒய்னு பார்வையில்லாதவங்களோட பிரெயில் கருவிக்கான சாஃப்ட்வேர், அது சிஎச்340 சிப் இருக்கிற யுஎஸ்பி சீரியல் வயர தன்னோடதுன்னு புடிச்சிக்கும், போர்ட்டே காணாமப் போயிடும். அது தேவைப்படாத மெஷின்னா எடுத்துட்டா உடனே வந்துடும்.

அப்புறம் ஜிபிஎஸ்டி (ஜிபிஎஸ் டேட்டாவ வாங்கி மத்த சாஃப்ட்வேருக்குக் குடுக்கறது) போட்டா ஓபன்சிபிஎன்ல கனெக்ஷன நெட்வொர்க், ஜிபிஎஸ்டி, போர்ட் 2947ன்னு குடுங்க. சீரியல்னும் சேத்துக் குடுத்தா ரெண்டும் ஒரே போர்ட்டுக்கு அடிச்சிக்கும். டெர்மினல்ல சிஜிபிஎஸ்னு அடிச்சு சாட்டிலைட் வருதான்னு மொதல்ல பாத்துட்டு அப்புறம் ஓபன்சிபிஎன் பக்கம் போங்க. புது ஜிபிஎஸ் பக்கை வீட்டுக்குள்ள வெச்சு சோதிக்காதீங்க, மொட்டமாடிக்கு எடுத்துட்டுப் போய் கால் மணி நேரம் விடுங்க, எல்லா சாட்டிலைட்டோட பட்டியல முழுசா எறக்க மட்டும் பன்னெண்டரை நிமிஷம் ஆகும்.

வீராம்பட்டினம் டிரைவர்:

நாங்க விண்டோஸ்லதான் ஓட்றோம். எங்களுக்கு வந்தது வேற மாதிரி, பக் சொருகி மெஷின ஆன் பண்ணா மவுஸ் அம்பு தானா ஸ்கிரீன் முழுக்க ஓடும், தானா கிளிக் பண்ணும், வைரஸ்னு நெனச்சு ஃபார்மட்டே பண்ணிட்டாரு எங்க ஓனர் மச்சான். அது வைரஸ் இல்ல, ஜிபிஎஸ் அனுப்பற டேட்டாவ விண்டோஸ் பழைய சீரியல் மவுஸ்னு நெனச்சிக்குது. டிவைஸ் மேனேஜர் போய் மவுஸ் லிஸ்ட்ல சீரியல் பால்பாயின்ட்னு ஒண்ணு புதுசா நிக்கும், அத டிஸேபிள் பண்ணுங்க, அன்இன்ஸ்டால் பண்ணா அடுத்த வாட்டி திரும்ப வந்துடும். அலையில ஓடிட்டிருக்கிறப்ப இப்படி ஆச்சுன்னா பாயின்ட்டெல்லாம் தானா இழுபட்டு நகரும், அதனால கரையிலயே பாத்துடுங்க.

முதுநகர் பெரியவர்:

தம்பி, பாயின்ட்டு போச்சுன்னு நீ எழுதினத படிச்சதும் வயிறு எரிஞ்சுது. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க லாஞ்சோட நோட்டும் போச்சு, திரும்ப சேக்க எத்தன வருஷம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதனால ஒண்ணு சொல்றேன், பழைய மெஷின் இன்னும் உசுரோட இருக்கிறவங்க இப்பவே எறக்கிடுங்க, சாகட்டும்னு காத்திருக்காதீங்க. எங்கிட்ட சீரியல் வயர் போடற பழைய கார்மின் கையடக்க ஜிபிஎஸ் இருந்துச்சு, எம் பையன் டஃப்புக்கோட ஒன்பது பின் போர்ட்ல மாட்டி ஜிபிஎஸ்பேபல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் ஜிபிஎக்ஸா எடுத்தான். ஜிபிஎஸ்சோட இன்டர்ஃபேஸ் மெனுவுல என்எம்இஏன்னு இருந்தத கார்மின்னு மாத்துனப்புறம்தான் பேசுச்சு. இப்ப ரெண்டு பென்டிரைவ்ல இருக்கு, ஒண்ணு வீட்டு பீரோவுல, ஒண்ணு மருமவன் வீட்டுல.

பழைய காகித சார்ட்லேர்ந்து பாயின்ட்டு எடுக்கறவங்க அதோட மூலையில என்ன அளவை முறைன்னு போட்டிருக்கோ பாருங்க. வெள்ளக்காரன் காலத்து அளவைய வெச்சுப் போட்டதுன்னா ஜிபிஎஸ் சொல்ற டபிள்யூஜிஎஸ் 84ஓட ஒத்துவராது, சில நூறு மீட்டர் தள்ளும்.

தாழங்குடா ஃபைபர்:

அண்ணே ஃபைபர் போட்டுக்கு இது சரிவருமா? விடிகாலைல போயி மதியானம் திரும்பிடறோம், வீல்ஹவுஸ் கெடையாது.

சிங்காரத்தோப்பு பையன்:

வேணாம் தம்பி. மேல கூரை இல்லாத எடத்துல லேப்டாப் வைக்கவும் முடியாது சார்ஜும் நிக்காது, கையடக்க ஜிபிஎஸ்ஸே உனக்கு போதும். வீட்டுல ஒரு சாதா கம்ப்யூட்டர்ல ஓபன்சிபிஎன் போட்டு பாயின்ட்ட மட்டும் அதுல சேத்து வை. லாஞ்சுக்காரங்களும் கையடக்க ஜிபிஎஸ்ஸயும் காம்பஸையும் கரையில விட்டுட்டுப் போயிடாதீங்க, லேப்டாப் நின்னா அதுதான் கதி.

பெரியப்பா, நீங்க சொன்னத அப்படியே செய்யச் சொல்லி நம்ம துறையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

சோனாங்குப்பம் தங்கல்:

நாங்க தெக்க கோடியக்கரை பக்கம் வரைக்கும் போறதுண்டு, எல்லைக்கோட்ட ஸ்கிரீன்ல எப்படிக் கொண்டு வர்றது, தாண்டினா சத்தம் போடுமா?

லினக்ஸ் தம்பி, புதுச்சேரி:

அண்ணே 1974லயும் 1976லயும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல எல்லைப் புள்ளியெல்லாம் டிகிரி நிமிஷத்தோட இருக்கு. அத ஒரு ரூட்டா அடிச்சு ஜிபிஎக்ஸா சேவ் பண்ணி ஓபன்சிபிஎன்னோட லேயர்ஸ் ஃபோல்டர்ல போடுங்க. லேயரா வந்தா கோடு தெரியும், யாரும் கை பட்டு இழுத்து நகத்த முடியாது. சத்தம் வேணும்னா ஓட்ரா, வாட்ச்டாக் ரெண்டு ப்ளகின்னும் போடணும், ஓட்ரால எல்லைய வரைஞ்சு வாட்ச்டாக்ல அத அலாரமா செட் பண்ணலாம். ஆனா எல்லை மேலயே வரையாதீங்க, நம்ம பக்கமா ரெண்டு மூணு மைல் உள்ள தள்ளி வரைங்க, வலை கடல்ல இருக்கிறப்ப லாஞ்சு உடனே திரும்பாது, நீரோட்டம் வேற இழுக்கும். ஸ்பீக்கர் சத்தம் இன்ஜின் சத்தத்துல கேக்காது, தனியா ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டி டிரைவர் காதுகிட்ட வெச்சுடுங்க.