சிவப்பொளிச் சிகிச்சையால் கால்களின் ரத்த ஓட்டம் கூடுமா?

பெரம்பூர் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. அவருக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக இரு பாதங்களும் மரத்துப்போவதாகச் சொன்னதால், வீட்டருகே உள்ள ஒரு சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் சென்றோம். சிவப்பு, அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் பலகையின் முன் 20 முறை உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரியும், அடைப்பு கரையும், நாளடைவில் அழுத்த மாத்திரையைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம் என்று அங்கே கூறினார்கள். ஆசையில் முன்பணமும் கட்டிவிட்டோம். ஒளிக்கும் ரத்தக் குழாய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? தினமும் காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் வெயில் காய்கிறேனே, அது போதாதா என்று அப்பா கேட்கிறார். அதற்கும் விவரம் அறிந்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

மயிலாப்பூர் ஆசிரியர் (உடலியங்கியல், ஓய்வு):

தொடர்பு உண்டு, அம்மா. அது புதிய செய்தியும் அல்ல. முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டி எடுத்த கீற்றுகள் வெளிச்சம் பட்டதும் தளர்வதை ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950களிலேயே பதிவு செய்திருக்கிறார். ரத்தக் குழாயின் உள்படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்று 1980-இல் காட்டியவரும் அவரே. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெளிவானது. அந்த ஆராய்ச்சிக்காக அவரும் இக்னாரோவும் முராடும் 1998-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான்.

நம் தோலிலும் ரத்தத்திலும் நைட்ரிக் ஆக்சைடு வேறு சேர்மங்களாக மாறிச் சேமிப்பில் இருக்கிறது. தகுந்த அலைநீளம் உள்ள ஒளி பட்டால் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் விடுபட்டு, குழாய்ச் சுவரின் தசையைத் தளரச் செய்கிறது. நலமாக இருந்த 24 பேரின் தோலில் நீண்ட அலை புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது ரத்த அழுத்தம் சிறிது இறங்கியதையும், அதற்கு வைட்டமின் டி காரணமல்ல என்பதையும் 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. பின்னர் 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நலமான ஆண்கள் 14 பேரின் உடல் முழுவதும் 450 நானோமீட்டர் நீல ஒளியை 30 நிமிடம் பாய்ச்சியபோது மேல் அழுத்தம் ஏறக்குறைய 8 புள்ளிகள் குறைந்தது. கையில் பட்டையை 5 நிமிடம் இறுக்கிக் கட்டி, அவிழ்த்த பின் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளக்கும் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் கலந்துகொண்டவர்கள் நலமானவர்கள் என்பதைக் கவனியுங்கள். நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்தில் நொடிக்கணக்கில் அழிந்துவிடும் பொருள். ஒளியை அணைத்த பின் அந்த விளைவு நெடுநேரம் தங்காது. தவிர, சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன குழாய்க்குத் தளர்வதற்கே இடமில்லை. குழாய் தளர்வது வேறு, அடைப்பு கரைவது வேறு. ஒளியால் அடைப்பு கரையும் என்பதற்கு எந்த ஆதாரமும் நான் படித்ததில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: காலை ஆறரை மணி வெயிலில் புற ஊதாக் கதிர் மிகவும் குறைவு, ஆனால் அந்த நேரத்தில் நடந்தால், வெயிலைவிட நடையே குழாய்களின் உள்படலத்துக்கு அதிக நன்மை செய்யும். அதற்காக நண்பகல் வெயிலில் நிற்கவும் வேண்டாம். கத்திரி வெயிலில் நாக்கு வறண்டு தலைசுற்றி விழுந்தவரின் ரத்த அழுத்தமும் இறங்கித்தான் இருக்கும். அதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை.

தாம்பரம் பிசியோ:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு என் தொழில் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். சிவப்பும் அகச்சிவப்பும் நீல ஒளியைவிட ஆழமாக இறங்கும் என்பதால் எங்கள் துறையில் பயன்படுத்துகிறோம். புண் ஆறுவதிலும் வலி தணிவதிலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் நிலைக்கு மிக நெருக்கமான சோதனை ஒன்று 2008-இல் வெளியாகியிருக்கிறது. உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகள் 69 பேர், 890 நானோமீட்டர் அகச்சிவப்புக் கருவியை வீட்டிலேயே தினமும் 40 நிமிடம், 90 நாட்கள் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தது வேலை செய்யாத போலிக் கருவி. முடிவில் இரு தரப்புக்கும் இடையில் வேறுபாடே இல்லை. அந்தக் கருவியும் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது.

மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. பலகையை மிக நெருக்கமாக வைத்தால் கொப்புளம் எழுந்த பிறகுதான் கவனிப்போம். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஒரு கொப்புளம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக மாறலாம். ஆகவே முதலில் கணுக்கால், கை இரண்டிலும் ரத்த அழுத்தத்தை அளந்து விகிதம் பார்க்கும் டாப்ளர் சோதனையைச் செய்துவிடுங்கள். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். 1.4-க்கு மேல் போனால் அது நல்ல செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். குழாய் கல்லாக இறுகியிருப்பதால் பட்டை அதை அழுத்த முடியவில்லை என்பதே அதன் பொருள். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். மருத்துவர் சொல்லாமல் ரத்த அழுத்த மாத்திரையில் பாதியைக்கூடக் குறைக்கக் கூடாது.

அண்ணா நகர் தாத்தா:

என் பேரனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தார்களே, அந்த ஒளியும் ரத்தக் குழாயைத் தொடுமா?

மயிலாப்பூர் ஆசிரியர்:

தொடும், ஐயா. விளக்கின் கீழ் இருக்கும் குழந்தையின் தோலில் ரத்த ஓட்டம் கூடுகிறது. பிறந்ததும் மூடவேண்டிய இதயத்தருகுக் குழாய் ஒன்று குறைமாதக் குழந்தைகளில் ஒளியால் திறந்தே நின்றுவிடுகிறதோ என்ற ஐயம் எழுந்து, மார்பை மட்டும் மறைத்து ஒளி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1986-இல் வெளியானது. மறைத்த குழந்தைகளில் அந்தச் சிக்கல் குறைவாகவே இருந்தது. உங்கள் பேரன் நிறை மாதத்தில் பிறந்தவன் என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஒளிக்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பெரம்பூர் வாசகி:

மூவருக்கும் நன்றி. கருவியின் அலைநீளம் என்ன, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு எத்தனை ஜூல் ஒளி ஆற்றல் கொடுக்கிறீர்கள் என்று மையத்தில் கேட்டேன். "ஜெர்மன் மெஷின், மேடம்" என்பதே பதிலாக வந்தது. நேற்று டாப்ளர் பார்த்தோம். வலக்காலில் 1.5, இடக்காலில் 1.1. பிசியோ அவர்கள் முன்பே எச்சரிக்காமல் இருந்திருந்தால் வலக்கால் எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருப்பேன். பெருவிரல் அழுத்தம் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா மாடியில் உட்காருவதை விட்டுவிட்டு, காலணி போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடக்கிறார்.