கலைச்சொல் விவாதம்: சாயமா, தெளிவூட்டியா?

அன்பின் ஐயா,

ஆண்களின் சிறுநீர்வழிக் குறைபாடுகளை நுண்குமிழிகளின் துணையுடன் ஸ்கான் செய்து கண்டறியும் முறைக்கு நீங்கள் முன்வைத்த “சாயமேற்றிய கழியொலிப் படம்” என்ற தொடரில், இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன: ஒன்று சாயம்; மற்றது கழியொலி, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி (ultrasound).

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் நோயாளர்கள் “டை அடிச்சுப் படம் எடுத்தது” என்று சொல்வதிலிருந்துதான் சாயம் வந்திருக்க வேண்டும். எக்ஸ்கதிர்ப் படத்துக்கு ஏற்றும் அயடீன் கரைசலே பெரும்பாலும் நிறமற்றது; இங்கு ஏற்றப்படுவதோ கரைசலும் அன்று. கந்தக எக்சபுளோரைட்டு வாயுவைக் கொழுப்புப் படலத்தால் பொதிந்த, சராசரியாக 2.5 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள குமிழிகளை உப்புநீரில் ஐதாக்கிச் சிறுநீர்வழியின் வாயிலூடாகச் செலுத்துகிறார்கள். அவை ஒலியலைக்கு ஏற்பச் சுருங்கி விரிந்து, சுற்றியுள்ள இழையத்தைவிட வலுவான எதிரொலியைத் தருவதால் உட்குழாய் வெண்மையாகத் தெரிகிறது. “துலக்கி” என்று வைக்கத்தான் ஆசை. ஆனால் தூண்டல், துலங்கல் என்று நம் பாடநூல்கள் அந்த வேரை முன்பே எடுத்துக்கொண்டன. எனவே அயடீனுக்கும் குமிழிக்கும் பொதுவாகத் “தெளிவூட்டி” என்கிறேன்.

கழியொலி உயர்தரப் பௌதிகவியலில் நாம் படித்த சொல். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். இங்கு மட்டும் பின்வாங்குகிறேன். சிறுவர்களின் பின்சிறுநீர்வழி வால்வுகளை (பிறவியிலேயே சிறுநீர்ப்போக்கைத் தடுக்கும் சவ்வு மடிப்புகளை) தேட, அவர்கள் சிறுநீர் கழிக்கும்போதே எடுக்கும் ஸ்கானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் “சிறுநீர் கழிப்புக் கழியொலி” என்று எழுதினால் வாசிப்பவர் எந்த ஒலியை நினைப்பார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டார் வழங்கும் மீயொலியே இவ்விடத்துக்குப் பாதுகாப்பானது.

இன்னொன்று: சிறுநீர்வழி குறுகிப்போவதற்கு அடைப்பு வேண்டாம், ஒடுக்கம் என்றே எழுதுவோம். “வக்கடையில சேறு அடைச்ச மாதிரி” (வக்கடை: வயல் வரம்பில் நீர் பாய விடும் வழி) என்று சம்மாந்துறை வயற்காரர் ஒருவர் தன் உபாதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அழகான உவமைதான், ஆயினும் கல் சிக்கினாலும் அடைப்புத்தானே. சாய்வாக எடுக்கும் எக்ஸ்கதிர்ப் படத்தில் குமிழ்ப்பகுதி (ஆண்குறியின் அடியில், சிறுநீர்வழியின் சற்று அகன்ற பகுதி) ஒடுக்கம் உள்ளதைவிடக் குறுகிய நீளமாகத் தோன்றக்கூடும். மீயொலியோ நீளத்தையும் சிறுநீர்வழியைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற இழையத்தில் விழுந்த தழும்பையும் சேர்த்துக் காட்டுவதால், சத்திரசிகிச்சை நிபுணர் அறிக்கையில் முதலில் தேடுவது ஒடுக்கத்தைச் சொல்லும் வரியைத்தான்.

ஆக, அறிக்கை இப்படி அமையலாம்: “தெளிவூட்டிய மீயொலிச் சிறுநீர்வழிப் படத்தில் குமிழ்ப்பகுதியில் 2 சென்ரிமீற்றர் நீளமான ஒடுக்கம் காணப்படுகிறது.”