புதுப்பிப்பு: ஹாம்பர்க், கொலோன் போய் வந்தாச்சு

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்கு வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போகிறேன், வெள்ளி ஹாம்பர்க், திங்கள் கொலோன், நடுவில் உள்ள இரண்டு நாளை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். தங்கி ஊரைப் பாருங்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஹாம்பர்க் சந்திப்பு எளிதாக இல்லை. எங்கள் டி-ஷர்ட்டையே ஐந்து முறை துவைத்து மேசையில் வைத்திருந்தார்கள். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. போட்டோவில் பார்த்தபோது சின்ன விஷயமாகத் தெரிந்தது, கையில் எடுத்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. காம்பாக்டிங்கை (துவைத்தால் சுருங்காதபடி துணியை நீராவியில் அழுத்தும் வேலை) மாற்றி, புது சாம்பிளை மூன்று வாரத்தில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஹாம்பர்க்கின் பழைய துறைமுகக் கிடங்குப் பகுதியான ஸ்பைஷர்ஸ்டாட். 1883-ல் கட்டத் தொடங்கிய செங்கல் கிடங்குகள், மரத்தூண்களை அடித்து அதன்மேல் நிற்கின்றன. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் தெரு. காபி மூட்டையைப் படகிலிருந்தே கப்பி கட்டி மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். சரக்கு அனுப்புகிற எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

ஞாயிறு அங்கே கடைகள் மூடியிருக்கும் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி, முந்தின நாளே ரொட்டி வாங்கி வைத்துவிட்டேன். அன்று ரயிலில் கொலோன். கதீட்ரல் கோபுரத்துக்கு 533 படிகள். பழனி ஏறிப் பழகிய கால், சமாளித்துவிட்டது.

திங்கட்கிழமை சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. அடுத்த சீசன் ஆர்டர் பேச்சில் இருக்கிறது, உறுதியானதும் எழுதுகிறேன்.